1830ஆம் ஆண்டு இண்டியானா குவேக்கர் தொப்பி: வடிவம், நிறம், ஃபெல்ட் குறித்துச் சில ஐயங்கள்

மேப்பிள்நிழல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் இண்டியானா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் வசிக்கிறேன். இங்குள்ள ஒரு திறந்தவெளி வரலாற்றுக் கிராமத்தில் சென்ற ஆண்டிலிருந்து வார இறுதிகளில் தன்னார்வலராகப் பணியாற்றி வருகிறேன். அடிமைமுறை நிலவிய வட கரோலினாவில் இனி வாழ முடியாது என்று குடும்பத்தோடு வண்டி கட்டிப் புறப்பட்டு, இங்குள்ள வேன் கவுண்டியில் காடு திருத்திக் குடியேறிய ஒரு குவேக்கர் (நண்பர்கள் சபை எனப்படும், எளிமை போற்றும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த) விவசாயியின் வேடம் எனக்கு வாய்த்திருக்கிறது. காட்சிக்குரிய ஆண்டு 1830.

கோட்டும் கால்சட்டையும் கிராமத்தாரே தைத்துக் கொடுத்துவிட்டார்கள். தொப்பி மட்டும் அவரவர் பொறுப்பு. இணையத்தில் குவேக்கர் தொப்பி என்று தேடி, 35 டாலருக்கு ஒன்றை வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோதே மனம் சுருங்கியது. கன்னங்கரேலென்று, உச்சி தட்டையாக, நெற்றிக்கு நேரே ஒரு தகரக் கொக்கியோடு இருந்தது. கொக்கியைப் பிய்த்துவிட்டு அணிந்து பார்த்தேன். இரண்டாம் வாரமே கால் மணி நேர மழையில் அதன் விளிம்பு முன்னும் பின்னும் தொங்கி, வெந்த அப்பளம் போல ஆகிவிட்டது. உலர்ந்த பின்னர் தலைக்குள் நுழையவும் மறுக்கிறது.

ஆகவே இம்முறை முறையாகச் செய்ய எண்ணுகிறேன். எனக்குள்ள ஐயங்கள் இவை: புதிதாகக் குடியேற்றம் நடந்த அக்காலத்து எல்லைப்புற விவசாயி உண்மையிலேயே பீவர் (நீரில் வாழும் ஒரு கொறிவிலங்கு) மயிர்த் தொப்பியைத்தான் அணிந்தாரா, அல்லது அது நகரத்துச் செல்வர்களுக்கு மட்டும் உரியதா? கருப்பு நிறம் சரியா, சாம்பல் நிறமா? விளிம்பு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று அவர்களுடைய சபை ஏதேனும் விதித்திருந்ததா? இன்று கடையில் கிடைக்கும் ஒரு தொப்பியைப் பிரித்து மாற்றியமைத்தால் போதுமா, புதிதாகவே ஃபெல்ட் (மயிரையோ கம்பளியையோ நெய்யாமல் அழுத்தி இறுக்கிய துணி) செய்ய வேண்டுமா? வீட்டில் தையல் எந்திரமும் நீராவி இஸ்திரிப் பெட்டியும் இருக்கின்றன. தொப்பி செய்த அனுபவம் அறவே இல்லை.

ஆவிக்கெண்டி எழுதியது:

வணக்கம் மேப்பிள்நிழல் அவர்களே. தங்கள் தொப்பி ஆட்டுக் கம்பளியால் ஆனது என்பதை அது தொங்கிய விதமே சொல்லிவிடுகிறது. கம்பளி ஃபெல்ட்டில் இழைகள் தடிப்பானவை. நனைந்ததும் பிடி தளர்ந்து, உலரும்போது தம் போக்கில் சுருங்கும். ஆட்டுக் கம்பளித் தொப்பிகள் 1830இல் இல்லாமல் இல்லை. ஏழை உழவர்கள் அவற்றைத்தான் அணிந்தார்கள். ஆனால் அவை இன்றைய மலிவான கம்பளி ஃபெல்ட்டைவிடக் கனமும் இறுக்கமும் கொண்டவை.

பீவரைப் பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். பீவரின் தோலில் இரண்டு வகை மயிர் உண்டு. வெளியே தெரியும் முரட்டு மேல்மயிர் தொப்பிக்கு உதவாது. அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அதற்கடியில் பஞ்சு போல அடர்ந்திருக்கும் உள்மயிர்தான் பொருள். அந்த மயிரின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் இருப்பதால், வெந்நீரும் அழுத்தமும் பட்டவுடன் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பிரிக்க முடியாதபடி இறுகிவிடும். முயல் மயிருக்கு இந்தக் குணம் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் தொப்பிக்காரர்கள் பாதரச நைட்ரேட்டுக் கரைசலை முயல் தோலில் தடவினார்கள். தடவிய மயிரின் நுனி காரட் நிறமாக மாறியதால் அந்த வேலைக்கே காரட்டிங் என்று பெயர் வந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக்குழப்பமும் உண்டாயின. கனெக்டிகட் மாநிலத்தின் தொப்பி நகரமான டான்பரியில் அந்நோய்க்கு டான்பரி நடுக்கம் என்றே பெயர். அமெரிக்காவில் ஃபெல்ட் தொழிலில் பாதரசம் தடை செய்யப்பட்டது 1941இல்தான். இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பழம்பொருள் கடையில் அசல் 19ஆம் நூற்றாண்டுத் தொப்பி கிடைத்தால், அளவெடுக்க வாங்குங்கள், கையுறை அணிந்து தொடுங்கள், தலையில் மட்டும் வைக்காதீர்கள்.

எல்லைப்புறத்துச் சிற்றூர்களிலும் தொப்பிக்காரர்கள் இருந்தார்கள். காசு புழக்கம் குறைந்த இடம் என்பதால் ரக்கூன், மஸ்க்ரட், முயல் தோல்களையும் ஆட்டுக்குட்டிக் கம்பளியையும் வாங்கிக்கொண்டு தொப்பியாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். உடல் முழுவதும் முயலோ கம்பளியோ, மேற்பூச்சாக மட்டும் கொஞ்சம் பீவர் என்று கலந்து செய்ததும் உண்டு. எனவே தாங்கள் தூய பீவருக்காகப் பல நூறு டாலர் செலவழிக்க வேண்டியதில்லை. இன்று விற்கும் முயல் மயிர் ஃபெல்ட், தங்களுடைய வேடத்துக்கு விலையிலும் வரலாற்றிலும் பொருந்தும். பெட்டிமேல் 5 எக்ஸ், 10 எக்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குப் பொதுவான தரநிர்ணயம் எதுவும் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் போட்டுக்கொள்வது.

வீட்டிலேயே மயிரிலிருந்து ஃபெல்ட் செய்வதை முதல் முயற்சியிலேயே நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பட்டறையில் விட்டத்திலிருந்து ஏழடி நீள வில் ஒன்று தொங்கும். அதன் நாணைச் சுண்டிச் சுண்டி மயிரைக் காற்றில் பறக்கவிட்டு மேசைமேல் மெல்லிய மெத்தையாகப் படியவைப்பார்கள். அவ்வாறு படிந்த இரண்டு மெத்தைகளை ஓரம் சேர்த்து, பெரிய கூம்பாக்கி, கந்தக அமிலம் கலந்த கொதிநீர்த் தொட்டியைச் சுற்றி நின்று உருட்டி உருட்டி, கூம்பு பாதியளவாகச் சுருங்கும் வரை உழைத்திருக்கிறார்கள். பார்க்க அழகான வேலை, சமையலறையில் செய்யத்தக்கதல்ல.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். அகல விளிம்புள்ள, முயல் மயிராலான, பழைய கௌபாய் தொப்பி ஒன்றை வாங்குங்கள். நாடா, உள்ளே இருக்கும் தோல் பட்டை, விளிம்போரத் தையல் அனைத்தையும் பிரித்துவிடுங்கள். கொதிக்கும் கெண்டியின் மூக்குக்கு நேரே உச்சியைப் பிடித்து, ஃபெல்ட் ஈரத்துணி போலத் துவளும் வரை ஆவி காட்டி, உள்ளிருந்து விரலால் தள்ளி எல்லா மடிப்புகளையும் எடுத்துவிடுங்கள். உச்சியில் பள்ளமும் முன்னால் கிள்ளலும் வைக்கும் பழக்கம் பிற்காலத்தது; தங்களுக்கு வேண்டியது மொட்டையான, ஓரம் மழுங்கிய வட்ட உச்சி. சூடாக இருக்கும்போதே மர அச்சில் இழுத்து, அடியில் நூல்கயிற்றால் இறுகக் கட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

விளிம்பை வெட்டும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு வெட்டக் கூடாது. தலை வட்டமானதல்ல, நீள்வட்டம். தட்டுப்படி வெட்டினால் பக்கங்கள் அகலமாகவும் முன்பின் குறுகலாகவும் வரும். ஓர் அட்டைத்துண்டில் தேவையான அகலத்தைக் குறித்து, கட்டுக்கயிற்றின் கோட்டில் அதை முட்டவைத்து நகர்த்திக்கொண்டே வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்து, அதன்படி வெட்டுங்கள். நான் 4 அங்குலம் வைத்தேன். பின்னர் ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து, இரு பக்கங்களில் மட்டும் சுருட்டிய துவாலையை அடியில் கொடுத்துச் சற்றே மேல்நோக்கி வளைத்தேன். விறைப்புக்கு அவலரக்கை (ஷெல்லாக்) சாராயத்தில் மெல்லியதாகக் கரைத்து, உள்பக்கத்தில் மட்டும் தூரிகையால் பூசுங்கள். அப்போது அருகில் அடுப்பு எரியக் கூடாது. வெளிப்பக்கம் கசிந்துவிட்டால் வெள்ளைத் திட்டாகத் தெரியும், எனக்குத் தெரிந்தது.

சித்திரச்சாட்சி எழுதியது:

செய்முறையை ஆவிக்கெண்டி அவர்கள் நன்றாக விளக்கிவிட்டார். எதைப் பார்த்துச் செய்வது என்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் தங்களுக்கு விற்கப்பட்ட அந்தக் கொக்கித் தொப்பி ஒரு பெரிய குழப்பத்தின் கடைசிக் குட்டி. அந்தக் கொக்கி, அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறிய, யாத்திரீகர்கள் (பில்கிரிம்) எனப்படும் ஆங்கிலேயர்களுக்கு 19ஆம் நூற்றாண்டுச் சித்திரக்காரர்கள் மாட்டிவிட்டது; அவர்களுக்கே அது உரியதல்ல, குவேக்கர்களுக்கு எங்கே உரியதாகும்? குவேக்கர் ஓட்ஸ் பெட்டியின் மேல் சிரிக்கும் மனிதரையும் மறந்துவிடுங்கள். அந்த வணிகக்குறி 1877இல் பதிவானது. அதில் இருப்பது பழங்கால மனிதர் என்று பார்த்தவுடன் தோன்ற வேண்டும் என்பதற்காக வரைந்த உருவம்.

இதைவிட நயமான பொறி ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரான வில்லியம் பென் பழங்குடியினரோடு உடன்படிக்கை செய்யும் காட்சியை பெஞ்சமின் வெஸ்ட் 1771–72இல் வரைந்தார். பென் அமெரிக்காவுக்கு வந்தது 1682இல், அப்போது அவருக்கு 38 வயது. ஓவியத்திலோ பருத்த முதியவராக நிற்கிறார். சுற்றியுள்ளவர்களின் தொப்பியும் கோட்டும் ஓவியரின் காலத்தை ஒட்டியவை. பின்னர் பென்சில்வேனியாவின் குவேக்கர் ஓவியர் எட்வர்ட் ஹிக்ஸ் அதே காட்சியைத் தம் படங்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டார். ஆக, 1682 என்று நம்பி ஒருவர் நகலெடுக்கும் தொப்பி உண்மையில் 90 ஆண்டு இளையது. தங்கள் 1830க்கும் அது உதவாது. அறுபது ஆண்டு பழையதாகிவிடும்.

விளிம்பின் அகலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேச்சிலும் நடத்தையிலும் உடையிலும் எளிமை காக்க வேண்டும் என்பதைத்தான் சபைக் கூட்டங்கள் திரும்பத் திரும்ப வற்புறுத்தின. அங்குலக் கணக்குப் போட்ட சீருடை அல்ல அது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஊரார் அணிந்த தொப்பியையே குவேக்கர்களும் எடுத்துக்கொண்டு, மேலதிகமானவற்றை நீக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஊரார் விளிம்பை மூன்று பக்கமும் தூக்கிக் கட்டி, சரிகையும் பொத்தானும் வைத்தபோது, எளிமையில் கண்டிப்பான குவேக்கர்கள் விளிம்பைப் பரந்தபடியே விட்டார்கள். 1830இல் ஊராரின் உச்சி புகைபோக்கி போல உயர்ந்துவிட்டது. குவேக்கர் தொப்பியின் உச்சி அதைவிடத் தாழ்ந்தும், விளிம்பு அதைவிட அகன்றும் இருந்தது. தங்கள் விவசாயியின் தொப்பியை அக்காலத்து நாகரிகத் தொப்பியின் அருகில் வைத்துப் பார்த்தால்தான் அது குவேக்கர் தொப்பியாகத் தெரியும்.

நல்ல சான்றுகள் வேண்டுமென்றால் கருநிழல் உருவங்களை (பக்கவாட்டு முகத்தைத் தாளில் வெட்டிய சில்லவுட்) பாருங்கள். எண்ணெய் ஓவியத்தை வீண் பகட்டு என்று ஒதுக்கிய பல குவேக்கர்கள், மலிவாகவும் எளிமையாகவும் இருந்த நிழலுருவங்களுக்கு மறுப்புச் சொல்லவில்லை. பிலடெல்பியாவில் சார்ல்ஸ் வில்சன் பீலின் அருங்காட்சியகத்தில், முன்பு அடிமையாக இருந்த மோசஸ் வில்லியம்ஸ் என்பவர் ஆயிரக்கணக்கான நிழலுருவங்களை வெட்டித் தந்தார். பக்கவாட்டு உருவம் என்பதால், தொப்பியோடு வெட்டப்பட்டது கிடைத்தால் உச்சியின் உயரத்தையும் விளிம்பின் வளைவையும் அளவுகோல் வைத்தே எடுத்துவிடலாம். 1840களின் டகேரியோடைப் புகைப்படங்களும் பயன்படும். ஆனால் அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், அணிந்திருப்பது உழும்போது அணிந்த தொப்பியல்ல, வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போகும் தொப்பி.

ஓர் ஒட்டுச்செய்தி: எல்லைப்புறம் என்றவுடன் ரக்கூன் வால் குல்லாயோடு நினைக்கப்படும் டேனியல் பூன், 1734இல் பென்சில்வேனியாவில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் அணிந்தது அந்தக் குல்லாயல்ல, ஃபெல்ட் தொப்பி.

அன்னபேதி எழுதியது:

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சாயத்தொழிலில் இருப்பவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

கருப்பு சரியே. ஆனால் இன்றைய இரசாயனக் கருப்பு சரியல்ல. அக்காலத்தில் தொப்பிக்குக் கருப்பு ஏற்றியது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த லாக்வுட் மரத்தூளும் அன்னபேதியும் செம்புக் களிம்பும் சேர்ந்த தொட்டியில். அன்னபேதி என்பது இரும்புச் சத்துள்ள உப்பு; மரச்சாற்றோடு சேரும்போதுதான் கருமை பிறக்கிறது. வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகள் கிடந்தால் அந்தக் கருப்பு பழுப்பாக மங்கும். வயலில் நிற்கும் விவசாயியின் தொப்பி மைக்கருப்பில் பளபளத்தால் அது நேற்று வாங்கியது என்று பொருள்.

ஆயினும் என் விருப்பம் சாயமேற்றாத தொப்பி. நியூ ஜெர்சியைச் சேர்ந்த குவேக்கர் ஊழியர் ஜான் வூல்மன் 1760களின் தொடக்கத்தில் சாயமிட்ட ஆடைகளை விட்டு, மயிரின் இயற்கை நிறத்திலேயே ஒரு தொப்பியை வரவழைத்துக்கொண்டார். சாயம் அழுக்கை மறைக்கத்தான் பயன்படுகிறது, துணியையும் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் நாகரிகப் பிரியர்களிடையே வெள்ளைத் தொப்பி பரவியிருந்தது. எளிமைக்காக அணிந்த தொப்பியைப் பார்த்து, இவரும் நாகரிகத்தின் பின்னால் போகிறார் என்று சக குவேக்கர்கள் சிலர் சந்தேகப்பட்டார்கள். அது தமக்குச் சோதனையாக இருந்ததென்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வூல்மன் 1772இல் இறந்துவிட்டார். எனவே 1830இல் ஒவ்வொரு குவேக்கரும் அவர் வழியில் நடந்தார் என்று சொல்ல மாட்டேன். மங்கிய பழுப்பும் சாம்பலும் கருப்பும் மூன்றுமே பொருந்தும். பழுப்பு முயல் ஃபெல்ட் கிடைத்தால் சாயத்தொட்டிப் பக்கமே போகாதீர்கள்.

உள்ளுறைக்குப் பருத்தித் துணி வேண்டாம், ஆளித் துணி (லினன்) வையுங்கள். அடிமைமுறையை வெறுத்து வட கரோலினாவை விட்டு வந்தவர் தங்கள் பாத்திரம். அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியையும் சர்க்கரையையும் தொடாத குவேக்கர்கள் இருந்தார்கள். 1826இல் அதே வட கரோலினாவிலிருந்து தங்கள் வேன் கவுண்டியின் நியூபோர்ட்டுக்குக் குடியேறிய லீவை காஃபின், 1847இல் சின்சினாட்டிக்குச் சென்றதே அடிமை உழைப்பு கலவாத சரக்குகளுக்கென்று ஒரு மொத்தக் கடை நடத்தத்தான். எல்லோரும் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. ஆனாலும் ஆளியை வீட்டுக் கொல்லையிலேயே விளைத்து நூற்ற காலம் அது.

மௌனக்கூட்டம் எழுதியது:

சாயத்தைவிட முக்கியமானது, தொப்பியை எப்போது கழற்றுவது என்பது. பார்வையாளர்கள் நிச்சயமாகக் கேட்பார்கள், அதனால் இதையும் தயார் செய்துகொள்ளுங்கள்.

குவேக்கர் எந்த மனிதருக்கும் தொப்பி கழற்ற மாட்டார். அந்த மரியாதை கடவுளுக்கு மட்டுமே உரியது என்பது குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்திலிருந்து வந்த கொள்கை. 1670இல் லண்டன் நீதிமன்றத்தில் வில்லியம் பென்னும் வில்லியம் மீடும் நிறுத்தப்பட்டபோது, உள்ளே வருமுன்பே ஒரு சேவகர் அவர்களுடைய தொப்பிகளைக் கழற்றிவிட்டார். மேயர் அவற்றைத் திரும்ப மாட்டச் சொன்னார்; பின்னர் தொப்பியோடு நின்ற குற்றத்துக்காக நீதிமன்றம் ஆளுக்கு 40 மார்க் (அக்காலப் பணக்கணக்கு) அபராதம் விதித்தது. கூட்ட இல்லத்தில் (குவேக்கர்களின் வழிபாட்டு இடம்) மௌனமாக அமர்ந்திருக்கும்போதும் ஆண்கள் தொப்பியோடுதான் இருந்தார்கள். ஒருவர் எழுந்து வாய்விட்டு ஜெபிக்கும்போது மட்டும் மற்றவர்களும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். ஜெபத்திலும் கழற்ற வேண்டியதில்லை என்று 1661 வாக்கில் ஜான் பெரட் என்பவர் கிளப்பிய வாதம் சங்கத்தையே பிளக்கப் பார்த்தது.

ஆகவே பெண் பார்வையாளர்களைக் கண்டதும் விரலால் விளிம்பைத் தொட்டுத் தலை வணங்காதீர்கள். மேற்கத்தியப் படங்களைப் பார்த்த கை தானாகவே போகும். எங்கள் குழுவில் ஒருவர் அதை நிறுத்த ஒரு மாதம் பிடித்தது. ஆவிக்கெண்டி அவர்கள் சொன்ன 4 அங்குல விளிம்பை நான் 3½ ஆகக் குறைப்பேன். பெஞ்சில் வரிசையாக அமரும்போது அடுத்தவர் விளிம்பில் இடிக்கிறது.

மேப்பிள்நிழல் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பழைய பொருள்களை விற்கும் ஒரு கடையில் 20 டாலருக்குப் பழுப்பு நிறக் கௌபாய் தொப்பி ஒன்று கிடைத்தது. உள்பட்டையில் முயல் மயிர் என்று அச்சிட்டிருந்தது. பட்டையைப் பிரித்தபோது முந்தைய உரிமையாளரின் வியர்வை வளையம் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுத்திருந்தது. அது வெளிப்பக்கமும் ஊறியிருப்பதால், அந்த இடத்தில் மெல்லிய பழுப்பு நாடா கட்டி மறைத்திருக்கிறேன். கொக்கியும் குஞ்சமும் இல்லாத வெறும் நாடா என்பதால் குற்றமில்லை என்று நம்புகிறேன். மர அச்சு வாங்கப் பணமில்லாமல், என் தலை அளவுக்குச் சமையல் பாத்திரம் ஒன்றைத் தேடி ஏமாந்தேன், பாத்திரங்கள் எல்லாம் வட்டம். கடைசியில் மரப்பலகைகளை ஒட்டி, அரம் கொண்டு ராவி நானே செய்துகொண்டேன். விளிம்பு 3¾ அங்குலம். இரு தரப்புக்கும் நடுவில்.

சனிக்கிழமை தூறலில் இரண்டு மணி நேரம் நின்றேன். வடிவம் மாறவில்லை. ஆனால் இடப்பக்க வளைவு வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. மீண்டும் ஆவி காட்டினால் அவலரக்கு இளகி வெளியே வந்துவிடுமா?

ஆவிக்கெண்டி எழுதியது:

வெளியே வரும். இடப்பக்கத்தை விட்டுவிடுங்கள், வலப்பக்கத்தையும் தொடாதீர்கள். தாங்கள் வலக்கையால்தானே தொப்பியை எடுத்து வைக்கிறீர்கள்? அந்தப் பக்க விளிம்பைக் கை நாள்தோறும் பிடித்து இறக்கும்; அறுவடைக் காலத்துக்குள் இரண்டும் சமமாகிவிடும். நாடாவை ஊசியால் தைத்திருந்தால் பிரித்துவிட்டுச் சும்மா முடிச்சுப் போடுங்கள். முயல் ஃபெல்ட்டில் தையல் துளை விழுந்தால் மழைநீர் அதன் வழியாகத்தான் முதலில் உள்ளே வரும்.